மாப்பிள்ளை இல்லாத வெள்ளையடிப்பு

எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் எழுந்து போகும்போது முதுகில் கொஞ்சம் சுவரையும் எடுத்துக்கொண்டு போவார்கள். புதுச்சேரியில் உப்புக்காற்று எல்லா வீட்டையும்தான் அரிக்கும். மற்றவர்கள் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து அதைச் சமாளித்தார்கள். எங்கள் வீட்டில் அடிப்பதில்லை. "இனிமே இந்த வீட்டுக்கு வெள்ளைன்னா அது உன் கல்யாணத்துக்குத்தான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் அதைச் சொன்னபோது எனக்குப் பதினெட்டு வயது. நான் சொல்லப்போகும் சமாசாரம் நடந்தபோது முப்பதைத் தாண்டிவிட்டேன்.

அப்பா வன்மமாகச் சொன்னது இல்லை அது. எப்படியும் ஆறு மாதத்தில் கல்யாணம் கூடிவிடும், அதற்குள் எதற்கு இரண்டு தடவை அடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அவர் பிரெஞ்சுக்காரன் கோர்ட்டில் காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு தடவை வாயால் சொன்னதை மேல்கோர்ட்டுதான் மாற்ற முடியும் என்பது அவர் சுபாவம். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கிளம்பி மூன்று நான்கு வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்பு அமலில் இருந்தது. எங்களுக்கு மேல்கோர்ட்டு இல்லை.

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. கடலூரிலிருந்து வந்தார்கள், விழுப்புரத்திலிருந்து வந்தார்கள், உள்ளூரிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்த நேரத்தைவிடச் சுவரைப் பார்த்த நேரம் அதிகம். கடலூர்ப் பையனின் அம்மா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார், எதுவும் உதிர்ந்து கேசரியில் விழுந்துவிடுமோ என்று. "வீட்டையே இப்படி வச்சிருக்கறவங்க பொண்ணுக்கு இன்னா செஞ்சிடப் போறாங்க" என்று வண்டி ஏறும்போது அந்தம்மாள் சொன்னது தெருவுக்கே கேட்டது. அப்பா தரகரிடம், "முடிவு பண்ணச் சொல்லுங்க, மறுநாளே வெள்ளையடிக்கிறேன்" என்றார். வெள்ளையடித்தால் முடிவு பண்ணுகிறோம் என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் சுவர் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு இடம் கூடி வந்தது. அவர்களுக்குச் சுவரைப் பற்றி அக்கறையில்லை. பெண் வேலையை விட வேண்டும் என்றார்கள். நான் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். எனக்கு அந்த வேலை பிடிக்கும். முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். அங்கே பென்ஷன் வாங்கும் கிழவர்கள் சேர்ந்து சாயங்காலம் இரும்புக் குண்டு எறிந்து விளையாடுவார்கள், பெத்தாங்க் என்று அதற்குப் பெயர். வீட்டில் எது நடந்தாலும் அப்பாவுக்குப் போக்கிடம் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை மத்மசேல் என்று கூப்பிடும். கல்யாணம் ஆகாத டீச்சரைப் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை ஒரு வகுப்பே சேர்ந்து நினைவுபடுத்தும். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வீடு திரும்பித் தெருவில் நுழைந்ததும் எங்கள் வீட்டு முன்சுவர் தெரியும். பச்சைப் பாசியும் கறுப்புத் திட்டும், சுண்ணாம்பு உரிந்து செங்கல் தெரிகிற இடமுமாக அது நிற்கும். அதைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வரும். எவனோ ஒருத்தன் வந்தால்தான் இந்த வீடு வீடாகும், அதுவரை நீங்கள் மூன்று பேரும் இங்கே சும்மா காத்திருக்கிறவர்கள் என்று அது தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் காத்திருக்கவில்லை. நான் அங்கே குடியிருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பங்கரை மேல்சுவரிலிருந்து ஒரு பத்தை பெயர்ந்து சாம்பாரில் விழுந்தது. அம்மா கரண்டியால் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அப்பாவுக்குப் போய்ச் சோறு போட்டார். அவர் சாப்பிடும்போது, "இன்னைக்கு சாம்பார் ஒரு மாதிரி இருக்குதே" என்றார்.

"சுவரு போட்டு வச்சேன்" என்றார் அம்மா.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் சம்பளம், என் வீடு, நான் அடிக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்குக் கோபம் இல்லை, பயம். எனக்குத் தெரியும். கல்யாணம் இல்லாமல் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டால், இவளுக்கு இனிமேல் கல்யாணம் இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு அவர் தயாராக இல்லை. நான் எப்போதோ தயாராகிவிட்டேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் அவர் பாதி இறங்கி வந்தார். "உள்ள இன்னா வேணா பண்ணிக்கோ. முன்சுவர்ல கை வைக்கக் கூடாது. அது கல்யாணத்துக்கு."

அப்போதைக்குச் சரி என்றேன்.

ஆடியைத் தேர்ந்தெடுத்ததில் நான் என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பொங்கலும் இல்லாமல் தீபாவளியும் இல்லாமல் ஒரு வீட்டில் வெள்ளையடித்தால், அந்த வீட்டில் கல்யாணம் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்கக்கூட வேண்டாம். வாசலில் சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்தால் பாத்திரக்கடைக்காரர் வணக்கம் வைப்பார். ஆடியில்தான் யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்களே, அதனால் ஆடியில் அடித்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது என் கணக்கு. ஆடிக்கு அடுத்து ஆவணி வருகிறது என்பதை நான் மறந்துவிட்டேன். ஊர் மறக்கவில்லை.

பெயின்ட் வேலைக்கு நான் பிடித்த பாய் எங்கள் ஊரில் கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர். அவர் சுண்ணாம்பு மட்டை பட்ட வீட்டில் கல்யாணம் தடங்கல் இல்லாமல் நடக்கும் என்பார்கள். அதனால் கல்யாண வீடுகள் எல்லாம் அவருக்குத்தான். ஆடியில் மட்டும் அவருக்கு வேலை குறைவு. வந்தார், சுற்றிப் பார்த்தார், விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். தட்டிய இடம் கீழே வந்தது.

"கல்யாணம் எப்போ, டீச்சரம்மா?"

"கல்யாணம் இல்ல பாய். சுவரு உதிருது, அதான்."

பாய் தலையை ஆட்டினார். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. கண்ணு பட்டுடும்னு பயம். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவர் வாக்குத் தவறாதவர். தன் வீட்டுக்காரம்மாவிடம் மட்டும்தான் சொன்னார்.

கூடத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம், டிஸ்டெம்பர் அடிக்கலாம், இளம்பச்சை, மேலே ஒரு பார்டர் என்று பேசினோம். பார்டருக்கு அவரிடம் தகரத்தில் வெட்டிய அச்சுத் தகடுகள் இருந்தன. சுவரில் தகட்டை வைத்து அதன்மேல் சாயம் ஒற்றினால் பூ விழும். ஆனால் அவர் வேலை முழுக்கக் கல்யாண வீட்டில் என்பதால் தகடுகள் எல்லாமே கல்யாணத் தகடுகள். பூரண கும்பம், மாலை மாற்றும் கை, கிளி ஜோடி. வெறும் கொடி மட்டும் இருக்கிற தகடு இல்லையா என்று கேட்டேன். இருந்தது. அந்தக் கொடியிலும் முழத்துக்கு ஒரு ஜோடி மயில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் இருப்பதில் சாதுவான ஒன்றை எடுத்தேன். ஒரு தகட்டில் வலப்பக்கம் பார்க்கிற அன்னம், இன்னொன்றில் இடப்பக்கம் பார்க்கிற அன்னம். இரண்டும் மாறி மாறி வந்து எதிரெதிராகப் பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு பூமாலை.

"அன்னம்தான் டீச்சரம்மாவுக்குப் புடிச்சிருக்குது" என்று பாய் சிரித்துக்கொண்டார். அவர் நினைத்தது உறுதியாகிவிட்டது.

முதல் நாள் கூடத்தில் பாதியைச் சுரண்டினார்கள். இரண்டாம் நாள் பட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் வெற்றிலைத் தட்டோடு வந்தார். பூக்காரி, "ஆவணியில எந்த முகூர்த்தம்னு இப்பவே சொல்லிடும்மா, அப்புறம் மல்லி கெடைக்காது" என்றாள். பந்தல்காரர் எங்கள் வாசலைக் கயிறு வைத்து அளந்துகொண்டிருந்தார். யார் வரச் சொன்னது என்று அம்மா கேட்டதற்கு, "யாரும் சொல்லல, முன்கூட்டியே பாத்து வச்சிக்கிறேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் தலைமை மதர் என்னைக் கூப்பிட்டு நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். பிள்ளைகள் என்னை, கல்யாணமானவளைக் கூப்பிடுகிற மாதிரி, மதாம் என்று கூப்பிட்டுப் பழகிப் பார்த்தன. கூப்பிட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

எல்லாரிடமும் கல்யாணம் இல்லை என்றுதான் சொன்னேன். கல்யாணப் பெண் வேறு எப்படிச் சொல்வாள் என்று எல்லாரும் ரசித்தார்கள். ஒரு கட்டத்தில் கோபமாகச் சொன்னேன். வெட்கத்தில் கோபம் வருகிறது என்றார்கள்.

விழுப்புரத்திலிருந்து அத்தை வந்துவிட்டார். அப்பாவின் அக்கா. பஸ்ஸை விட்டு ஒரு பலாப்பழத்தோடு இறங்கி, பழத்தைக் கூடத்தில் வைத்துவிட்டு, தம்பியோடு பேச மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். புதிதாக அடித்த சுவர். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள் என்று பாய் என்னிடம் ஜாடை காட்டினார்.

"ஊரெல்லாம் தெரிஞ்சி எனக்குக் கடைசியில தெரியுது. நான் இன்னா அசலா?" என்றார் அத்தை.

"அத்தை, கல்யாணமே இல்ல."

"ஏங்கண்ணு பொய் சொல்ற? மாப்பிள்ளைக்கு ரெயூனியோன் தீவுல சுங்க ஆபீசு உத்தியோகம்னு பஸ்ஸுல வந்த பொம்பள சொல்றா. நல்ல ஒசரமாம். ஒரு பல்லு தங்கமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் என்று ஊர் பேசுவது வேறு. மாப்பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது, அதுவும் தங்கத்தில். அப்போதிருந்து கேட்கிற இடத்திலெல்லாம் அவன் வளர்ந்துகொண்டே போனான். பூக்காரி சொன்னபடி அவனுக்குச் சொந்தத்தில் மோட்டார் உண்டு. எதிர்வீட்டு அம்மாள் அவனைப் பார்த்தே இருந்தார், துறைமுகத்துப் பாலத்துப் பக்கம், கறுப்புக் கண்ணாடியோடு. நான் ஒரு நாள் வகுப்பில் கூட்டல் சொல்லிக்கொடுக்கும்போது, அவ்வளவு உயரமானவனுக்கு நம் வீட்டு நிலைப்படி இடிக்குமே என்று நினைத்துவிட்டேன். எனக்கே வெட்கமாகப் போயிற்று.

இந்தத் தங்கப்பல் எங்கிருந்து முளைத்தது என்பது ஒரு சாயங்காலம் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் அப்பாவோடு குண்டு எறிகிற கிழவர் ஒருத்தர் தொப்பியை எடுத்து எனக்கு வணக்கம் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம்மா. வரதட்சணையே வேணாம்னுட்டாராமே. அது மட்டுமா, பொண்ணு வேலைய விட வேணாம், தாராளமா போவட்டும்னு சொல்லிட்டாராம். இந்தக் காலத்துல யாரு சொல்றா அப்படி? உங்க அப்பா சொல்லும்போது எங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சி."

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா கூடத்தில் நாற்காலி போட்டு, பாய் அன்னம் ஒற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் கை கழுவப் போகும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"நீங்கதானாப்பா சொன்னீங்க?"

"நான் எதுவும் சொல்லல. கல்யாணமாமேன்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"அந்த ரெயூனியோன் தீவு?"

"மாப்பிள்ளைக்கு எந்த ஊருன்னு கேட்டாங்க. கேட்டவங்களுக்கு பதில் சொல்லாம இருந்தா மரியாதயா இருக்குமா?"

"தங்கப்பல்லு?"

"அது நான் சொல்லல" என்றார் அப்பா, மனசு நொந்தவர் போல. "அது யாரோ சேத்துட்டாங்க."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இவ்ளோ நல்ல பையன எங்க புடிச்சீங்க? பத்து வருசத்துக்கு முன்னாடியே புடிச்சிருக்கலாமில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாமலும் இருந்தது. வேலையை விட வேண்டாம் என்று அந்த மாப்பிள்ளையைச் சொல்ல வைத்தவர் அப்பா. நான் அந்தக் கூடி வந்த இடத்தை வேண்டாம் என்று சொன்னபோது வாயே திறக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனவர், எனக்கு என்ன வேண்டும் என்பதை அத்தனை வருஷமும் தெரிந்தேதான் வைத்திருந்திருக்கிறார். என்னிடம் சொல்லத் தெரியவில்லை. இல்லாத ஒருத்தன் வாயில் போட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த நிமிஷம் அப்பாவின் மேல் எனக்குப் பாசம் பொங்கியது. ஆனால் பந்தல்காரர் மூங்கில் இறக்குவதற்குள் இதை நிறுத்தியாக வேண்டும்.

"இப்பவே போய் நிறுத்துங்கப்பா. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

"சரி, நிறுத்திடறேன்" என்றார். அந்த வார்த்தையை நான் கொஞ்சம் உற்றுக் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மாள் வந்தார், இந்தத் தடவை வெற்றிலைத் தட்டு இல்லாமல். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம், "அவன் நல்லா இருப்பானா? நல்லாவே இருக்க மாட்டான்" என்றார். பின்னாலேயே பூக்காரி வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

அப்பா கல்யாணத்தை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை கப்பலில் வரும்போது ஒரு பிரெஞ்சுக்காரியைப் பார்த்துவிட்டானாம். மனம் மாறிவிட்டானாம். கடற்கரையில் கிழவர்களிடம் சாயங்காலம் சொன்னது காலைக்குள் ஊர் முழுவதும் போய்விட்டது. அந்தப் பிரெஞ்சுக்காரிக்குப் பூனைக்கண் என்று பூக்காரி சொன்னாள். அதை யார் சேர்த்தார்களோ தெரியாது.

ஒரு நிமிஷம் எனக்கும் அவன்மேல் ஆத்திரம் வந்தது உண்மை. வரதட்சணை வேண்டாம், வேலைக்குப் போ என்றெல்லாம் பேசிவிட்டு இப்படிச் செய்துவிட்டானே என்று.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பலாப்பழம் பழுத்து வீடெல்லாம் மணத்தது, வெட்டுவாரில்லை. தலைமை மதர் எனக்கு இரண்டு நாள் லீவு கொடுத்து, வாழ்க்கையில் சோதனை வரும் என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளைகள் மறுபடி மத்மசேல் என்று கூப்பிட்டன, ஆனால் இப்போது பரிதாபமாக. பந்தல்காரர் வந்து, அளந்ததற்கு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பாய் வேலையை நிறுத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் மத்தியானம் தகடுகளைத் துடைத்து வாளியில் போட்டுக்கொண்டு, அப்பாவின் முன்னால் வந்து நின்றார். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசியே, பாய் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

"முசியே தப்பா நெனைக்கக் கூடாது. கல்யாணம் நின்னுபோன வீட்டுல நான் மேல வேலை செஞ்சா, பாயி அடிச்ச வீட்டுல கல்யாணம் நின்னுபோச்சுன்னு பேராயிடும். ஆவணிக்கு எனக்கு வீடு வரிசையா நிக்குது. கைராசி போச்சுன்னா எனக்கு எதுவும் இல்ல. வேற ஆள வச்சி முடிச்சிக்கங்க."

வேறு ஆள் வர மாட்டான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கைராசிக்காரரே விட்டுவிட்டுப் போன வீட்டில் எவன் மட்டையைத் தொடுவான்?

அவர் போனபிறகு கூடத்தைப் பார்த்தேன். இரண்டு சுவர் இளம்பச்சை, இரண்டு சுவர் பழைய சொறி. மேலே பார்டரில் அன்னங்கள் ஜோடி ஜோடியாக வந்து மூலைக்குப் பக்கத்தில் நின்றுபோயிருந்தன. கடைசியில் வலப்பக்கம் பார்க்கிற அன்னம் மட்டும் ஒற்றப்பட்டிருந்தது. அது எதிரில் இருந்த வெறும் சுவரை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை அதைக் காட்டிக் காட்டி அழுதார். "பாருடா, அதுகூட ஒத்தையா நிக்குது" என்றார்.

எனக்கு அடக்க முடியாமல் வெடித்துவிட்டது.

"நிஜமா வந்தவனுங்க வேணாம்னுட்டுப் போனது போதாதாப்பா? இல்லாத ஒருத்தன வரவச்சி, அவனும் வேணாம்னுட்டுப் போறானே. எனக்கு இன்னா கொற? நான் இந்த வீட்டுல நல்லாத்தான் இருக்கேன். சுவரு மட்டும்தான் நல்லா இல்ல. அத அடிக்கிறேன்னு சொன்னேன், அவ்ளோதானே? அதச் சொல்ல உங்களுக்கு இவ்ளோ வெக்கமா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். வழக்கம்போலக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். வாசல்வரை போய்த் திரும்பி, "வா" என்றார்.

பாய் வீட்டுக்குத்தான் போனோம். பாய் எங்களைப் பார்த்துப் பதறி நாற்காலி போட்டார். அப்பா உட்காரவில்லை.

"பாய், கல்யாணம் நிக்கல. நிக்கறதுக்குக் கல்யாணமே கெடயாது. மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இல்லவே இல்ல. நான்தான் சொன்னேன்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"டீச்சரம்மா மொத நாளே சொன்னாங்க" என்றார் பாய். "நான்தான் நம்பல. ஆனா முசியே, என்கிட்ட சொன்னா ஆச்சா? ஊரு நின்னுபோச்சுன்னு பேசுது. தெருவுல நாலு பேரு முன்னாடி நீங்க சொன்னீங்கன்னா நான் வந்து மட்டைய எடுக்கறேன்."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. கிழவர்களிடம் கதை சொல்வது ஒன்று, தெருவில் நின்று பொய்யை ஒப்புக்கொள்வது வேறு. வேண்டாம்ப்பா, பாதியோடு இருக்கட்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு அந்த வீடு வேண்டும்.

மறுநாள் காலையில் பாய் வாளியோடு தெருவில் வந்து நின்றார், உள்ளே வராமல். எதிர்வீட்டு அம்மாள் கோலப் பொடியோடு நிமிர்ந்தார். பூக்காரி கூடையை இறக்கினாள். துஷ்டி கேட்க வருகிற மாதிரி வந்திருந்த பந்தல்காரரும், கண்ணைத் துடைத்தபடி அத்தையும், இன்னும் யார் யாரோ. அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் காலத்தில் கோர்ட்டுக்குப் போட்டுப் போன கோட்டு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வழக்கு எண்ணைப் படிக்கிறவர் குரலில் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. மாப்பிள்ளை இல்ல. இருந்ததும் இல்ல. கப்பலும் இல்ல, பிரெஞ்சுக்காரியும் இல்ல. நான் சொன்னது பொய்."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தம்பியை அடிக்கிற மாதிரி பார்த்தார். எதிர்வீட்டு அம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. பாலத்துப் பக்கம் அவனை நேரில் பார்த்தவர் அவர்.

"கல்யாணம் இல்லன்னா அப்புறம் எதுக்கு வெள்ளை அடிக்கறீங்க?" என்று கேட்டார்.

இத்தனை நாளும் அப்பா பதில் சொல்ல முடியாமல் ஓடிய கேள்வி அதுதான். அவர் மாப்பிள்ளையை உண்டாக்கியதும், அவனைக் கப்பலில் ஏற்றியதும் இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் தெருவைப் பார்த்தார். கோர்ட்டுக் குரல் போய்விட்டது.

"எம்பொண்ணு இந்த வீட்டுல இருக்கா. அதுக்குத்தான்" என்றார்.

பாய் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். முன்சுவருக்கு அருகில் வந்ததும் நின்று, ஒரு விரலால் அதைத் தொட்டுக் காட்டி, "இது?" என்று அப்பாவைக் கேட்டார்.

"அதையும் அடிச்சிடுங்க."

"இன்னா கலரு, முசியே?"

"என்னைய ஏன் கேக்கறீங்க? அவள கேளுங்க" என்றார் அப்பா. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். தெருவும் என்னைப் பார்த்தது. அந்தச் சுவருக்காகப் பன்னிரண்டு வருஷம் மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். அதற்கு என்ன நிறம் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மஞ்சள் என்று சொல்லலாமா, வெள்ளையே போதுமா என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எதிர்வீட்டு அம்மாள், பாவம், அந்தக் கப்பல்காரனை நினைத்துத்தான் அழுகிறாள் என்று பூக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அதைத் திருத்தத் தோன்றவில்லை.

"நிதானமா சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றார் பாய். "மொதல்ல பழச சுரண்டணும்." வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஏணியைச் சாய்த்து, மேலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.